குடுமிகள்

திபிலீசியில், சுகுரேத்தி ஏற்றத்தில்,
மருந்துக்கடைக்கும் பூட்டு ரிப்பேர்க்காரனுக்கும் நடுவே
எட்டு மேசை.
பெயர்ப்பலகையில் இரண்டெழுத்தைக் காற்று கொண்டுபோயிற்று.
மிச்சத்தை முதலாளி தெங்கிஸே கழற்றிவிட்டார்.

இங்கே சாப்பிடுவது கின்காலி.
கொழுக்கட்டைக்குக் குடுமி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்,
உள்ளே கறி, நாக்கைச் சுடும் சாறு.
குடுமியைப் பிடித்துத் தலைகீழாய்த் தூக்கி
ஓரத்தில் ஒரு கடி, ஓர் உறிஞ்சல்.
குடுமியைத் தின்னக் கூடாது. தட்டில் விட வேண்டும்.
விட்டதை எண்ணித்தான் பில்.
எண்ணுகிறவன் நான்.
கழுவுகிறவனும் நான்.

அபிப்பிராயத்துக்கு இங்கே பஞ்சமில்லை.
வாகுஷ்தி சொல்வான்: மிளகு போதாது,
சொல்லிக்கொண்டே பதினாறு தின்பான்.
மருந்துக்கடை எத்தேரிக்கு மாவு தடிமன்.
எதிர்வீட்டு ஷுக்ரிக்கு அதே மாவு, அதே நாள், மெலிசு.
இருவருக்கும் இதில் ஒருமுறை குடுமிப்பிடி,
நடுவில் போன என் மேல் பீர்.
மலைக்கு அந்தப்பக்கம் ஒரு கடை உண்டு,
அங்கேதான் கின்காலி கின்காலியாக இருக்கும் என்பார் ஜும்பேர்.
பதினோரு வருஷமாய் இங்கே உட்கார்ந்து சொல்கிறார்.

குலிக்கோ மட்டும் மார்க் போடுவாள்.
கணக்கு டீச்சராக இருந்தவள், ஜன்னலோர மேசை,
மூன்றே மூன்று.
குடுமிகளை வரிசையாய் வைத்து,
வாயைத் துடைத்து,
அடுப்படித் திரையைப் பார்த்து உரக்கச் சொல்வாள்:
"ஏழு. வெங்காயம் அவசரம்."
"ஏழரை. இன்று யாரோ உன்னை அழவைக்கவில்லை."
எட்டை யாரும் கேட்டதில்லை.
திரைக்குப் பின்னால் நஸிப்ரோலா
மாவுருட்டியைப் பலகையில் ஒரு தட்டு தட்டுவாள்.
அதுதான் பதில்.

மார்ச்சில் நஸிப்ரோலாவின் தங்கைக்கு ஆபரேஷன்.
நான்கு நாள் ருஸ்தாவி போய்விட்டாள்.
கடையை மூட மனமில்லை தெங்கிஸுக்கு.
மெஷின் செய்து உறையவைத்த கின்காலி,
நீல எழுத்துப் போட்ட பை, ஐந்து கிலோ.
கத்தரியால் வெட்டியவன் நான்.
உருளைத்தோலுக்கு அடியில் பையை மறைத்தவனும்.

அன்று பார்க்க வேண்டும்.
மடிப்பெல்லாம் அளந்தாற்போல், பேஷ், என்றாள் எத்தேரி.
ஷுக்ரி அவளோடு ஒத்துப்போனான்,
கடைக்கே அது திருநாள்.
வாகுஷ்தி மிளகு கேட்கவில்லை.
ஜும்பேர் மலையை மறந்தார்.
தெங்கிஸ் முகத்தில் சந்தோஷமா துக்கமா,
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

குலிக்கோ வந்தாள்.
மூன்று தின்றாள். குடுமிகளை வரிசை வைத்தாள்.
வாயைத் துடைத்தாள். காசை எண்ணினாள்.
திரையின் பக்கம் திரும்பவே இல்லை.
"மார்க்?" என்றார் தெங்கிஸ், பாதி எழுந்து.
"நன்றாக இருந்தது," என்றாள்,
குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப்போனாள்.

தெங்கிஸ் உட்கார்ந்துவிட்டார்.
நாற்பது வருஷத்தில் இப்படித் திட்டு வாங்கியதில்லை என்றார்.
மீதிப் பையை நாய்களுக்கும் போடவில்லை,
இரவோடு இரவாகத் தூக்கி எறியச் சொன்னார்.

திங்கட்கிழமை, நஸிப்ரோலா திரும்பிய அன்று,
தூக்கமில்லாத கை, ஒரு பக்கம் பெரிது ஒரு பக்கம் சிறிது.
இரண்டு கின்காலி வழியிலேயே உடைந்து சாறு விட்டது.
எத்தேரி, மாவு தடிமன்.
ஷுக்ரி, மெலிசு.
ஜன்னலோரத்திலிருந்து வந்தது குரல்:
"ஆறு! உப்பு எங்கே போயிற்று, ருஸ்தாவிக்கா?"
மாவுருட்டி பலகையை அடித்த அடியில்
மேலே அலமாரியில் தம்ளர்கள் ஆடின.
தெங்கிஸ் எல்லா மேசைக்கும் ஒயின் ஊற்றினார்,
காரணம் சொல்லாமல்.

நாக்கென்றால் அதுவல்லவா நாக்கு என்று
தெருவே இன்றும் பேசுகிறது.
சும்மாவா ஆடும் குடுமி.

ஆனால் அன்று தட்டெடுக்கக் குனிந்தபோது
அவள் என் சட்டைக்கையைப் பிடித்து மெல்லச் சொன்னது
யாருக்கும் தெரியாது:
"அடுத்த தடவை பையை
என் வீட்டு வாசல் தொட்டியில் போடாதே."

தட்டில் மூன்று குடுமி.
மூன்றென்றே எழுதினேன்.